இறால் குஞ்சுகளைக் குளத்து நீருக்குப் பழக்கி விடுங்கள்

திசு வளர்ப்பு வாழைக்கன்றை ஆய்வுக்கூடத்துப் புட்டியிலிருந்து எடுத்து நேரே வயலில் நடுவோர் யாரும் இல்லை. நிழல்வலைக் கூடத்தில் சில வாரங்கள் வைத்து, காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கிய பிறகே நடுகிறோம். ஆனால் அதைவிட மென்மையான இறால் குஞ்சுகளைப் பல பண்ணைகளில் வண்டி வந்து நின்ற கால்மணி நேரத்திற்குள் பையைக் கிழித்துக் குளத்தில் கொட்டிவிடுகிறார்கள். இரவெல்லாம் பயணம் செய்து வந்த குஞ்சு, ஆட்களுக்குக் கூலி ஏறுகிறது, வண்டிக்காரர் திரும்ப வேண்டும் என்ற அவசரமே இதற்குக் காரணம்.

குஞ்சு பொரிப்பகத்து நீரும் உங்கள் குளத்து நீரும் ஒன்றல்ல. உப்பு வேறு, வெப்பம் வேறு, கார அமில நிலை வேறு. ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள குஞ்சு இந்த மூன்று மாற்றங்களையும் ஒரே நொடியில் தாங்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமன்று. இரண்டு அல்லது மூன்று மணி நேரம் பொறுமையாகப் பழக்கினால் தவிர்த்துவிடக்கூடிய இழப்பு இது. பழக்கும் முறையையும் அதன் காரணங்களையும் இக்கட்டுரையில் காண்போம். நம் கடலோர மாவட்டங்களில் பெரும்பாலும் வளர்க்கப்படும் வனாமி இறாலையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பசிபிக் பெருங்கடலின் கிழக்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட இந்த இனத்தை வளர்க்க 2009-ஆம் ஆண்டில் நம் நாட்டில் அனுமதி வழங்கப்பட்டது. வரி இறால் வளர்ப்போருக்கும் இதே முறை பொருந்தும்.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு

கோழிக்குஞ்சு இறந்தால் கூண்டில் கிடப்பது தெரியும். இறால் குஞ்சு இறந்தால் மிதக்காது. அடியில் படிந்துவிடும். உயிரோடு இருக்கும் குஞ்சுகளே அதைத் தின்றுவிடும். மறுநாள் காலையில் குளத்தைப் பார்த்தால் நீர் அமைதியாக இருக்கும். குஞ்சு நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று எண்ணிவிடுவீர்கள்.

இழப்பு அத்தோடு நிற்பதில்லை. ஒரு லட்சம் குஞ்சுகள் விட்டதாக எண்ணி, முதல் நாள் 2 கிலோ தீவனம் இட்டு, நாள்தோறும் 300 கிராம் கூட்டி வருவதாக வைத்துக்கொள்வோம். 30 நாட்களில் சுமார் 190 கிலோ தீவனம் இட்டிருப்பீர்கள். முதல் மாதத்தில் செக் டிரேயைப் பார்த்துத் தீவனத்தைக் கணிக்க இயலாது. எண்ணிக்கையை நம்பியே இடுகிறோம். விட்ட அன்றே 40 ஆயிரம் குஞ்சுகள் இறந்திருந்தால், அந்தத் தீவனத்தில் ஏறத்தாழ 76 கிலோ தின்பாரின்றி அழுகும். தீவனத்தில் புரதம் 36 சதம் என்றால், அந்த 76 கிலோவில் உள்ள தழைச்சத்து சுமார் 4.4 கிலோ. ஒன்பதரை கிலோ யூரியாவைக் குளத்தில் கரைத்ததற்கு இது சமம். அடிமண் கறுத்து, அம்மோனியா பெருகி, நீர் கெட்டு, பிழைத்திருக்கும் 60 ஆயிரமும் நோய்க்கு ஆளாகும். ஒரு குஞ்சு 50 காசு என்றாலும் இறந்த குஞ்சின் விலை 20 ஆயிரம் ரூபாய். அதனால் கெட்ட குளத்தின் விலை அதனினும் பல மடங்கு.

பைக்குள் நடப்பது என்ன?

குஞ்சுகளை இரட்டை பாலித்தீன் பைகளில் அடைத்து அனுப்புகிறார்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி பிராணவாயு. குஞ்சுகளின் சுவாசம் தணிந்திருக்க வேண்டும் என்பதற்காக நீரை 20 முதல் 24 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்வித்திருப்பார்கள்.

வழியில் குஞ்சுகள் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. அது நீரில் கரைந்து நீரை அமிலப் பக்கம் தள்ளுகிறது. கார அமில நிலையை நாம் பண்ணைகளில் பி.எச். என்று சொல்கிறோம். பொரிப்பகத்தில் 8 அளவில் இருந்த பி.எச்., பை வந்து சேரும்போது 7 அல்லது அதற்கும் கீழே இறங்கியிருக்கும். குஞ்சுகளின் கழிவிலிருந்து அம்மோனியாவும் நீரில் சேர்ந்திருக்கும். ஆனால் பி.எச். குறைந்திருக்கும் வரையில் அந்த அம்மோனியாவின் பெரும் பகுதி நஞ்சு குறைந்த வடிவில் கட்டுண்டு இருக்கும்.

பையைத் திறந்தவுடன் நிலைமை மாறுகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது; பி.எச். ஏறுகிறது. பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் நஞ்சு வடிவிலான அம்மோனியா ஏறத்தாழ 10 மடங்காகும். ஆகவே பைகளைத் திறந்து வைத்துவிட்டு, தேநீர் அருந்தி வரலாம் என்று போகக் கூடாது. மூடிய பை ஓரளவு காத்திருக்கும்; திறந்த பை காத்திருக்காது. திறந்ததும் சிறிது சிறிதாகக் குளத்து நீரைச் சேர்க்கத் தொடங்கிவிட வேண்டும். அவ்வாறு சேர்க்கும் நீர் அம்மோனியாவையும் நீர்க்கச் செய்கிறது.

உப்பும் உடலும்

கடல் நீரில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்பு உண்டு. இதையே 35 பி.பி.டி. என்கிறோம். வனாமி இறாலின் இரத்தத்தில் உள்ள உப்பு, சுமார் 25 பி.பி.டி. நீருக்குச் சமமானது. வெளிநீரும் அதே அளவில் இருந்தால் இறாலுக்குச் சிரமம் இல்லை. வெளிநீர் அதைவிட உவர்ப்பாக இருந்தால் உடலிலுள்ள நீர் வெளியே கசியும். வெளிநீர் உவர்ப்பு குறைந்திருந்தால் நீர் உடலுக்குள் புகும், உப்புகள் வெளியேறும். இதைச் சரிக்கட்டும் வேலையைச் செவுள்கள் செய்கின்றன.

செவுள்கள் இந்த வேலையை மாற்றிக்கொள்ளச் சில மணி நேரம் தேவை. மெதுவாக மாறினால் வனாமி மிகக் குறைந்த உவர்ப்பிலிருந்து 40 பி.பி.டி.க்கு மேலும் தாங்கி வளரும். திடீரென மாறினால் தசை வெளுத்து, உடல் வளைந்து, அடியில் விழும். இறக்காமல் தப்பிய குஞ்சும் தன் சக்தியை எல்லாம் உப்பைச் சரிக்கட்டுவதிலேயே செலவிட்டு, பல நாட்கள் வளர்ச்சி குன்றி நிற்கும்.

செவுள்கள் நன்கு அமையாத இளங்குஞ்சுகளுக்கு இந்தத் திறன் குறைவு. எனவே பி.எல். 10 நிலையை அடையாத குஞ்சுகளை வாங்க வேண்டாம். குளத்தில் உவர்ப்பு குறைவாக இருந்தால் பி.எல். 12 முதல் 15 வரையிலான குஞ்சுகளே ஏற்றவை.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

பழக்குதல் என்பது வண்டி வந்த பிறகு தொடங்கும் வேலை அன்று. நான்கு நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது.

முதலாவதாக, குளத்து நீரின் உவர்ப்பை ரிஃப்ராக்டோமீட்டர் கொண்டு அளந்து, பொரிப்பகத்தாருக்குச் சொல்லுங்கள். வேதாரண்யம் போன்ற பகுதிகளில் கோடையில் குளத்து நீர் கடலைவிட உவர்ப்பாகிவிடுவதும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் உவர்ப்பு வெகுவாக இறங்கிவிடுவதும் நீங்கள் அறிந்ததே. சென்ற பட்டத்தில் அளந்த கணக்கு இந்தப் பட்டத்திற்கு உதவாது. உங்கள் குளம் 12 பி.பி.டி. என்று முன்பே தெரிவித்தால், 30 பி.பி.டி. நீரில் வளர்ந்த குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே நாளுக்குச் சிறிதாக இறக்கி, 15 அல்லது 20-க்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கரையில் மூன்று மணி நேரத்தில் செய்ய முடியாத வேலையைப் பொரிப்பகத்துத் தொட்டியில் மூன்று நாளில் பத்திரமாகச் செய்துவிடலாம்.

இரண்டாவதாக, குளத்து நீரைப் பிளீச்சிங் பவுடர் இட்டுச் சுத்தம் செய்திருந்தால், குளோரின் முழுவதும் நீங்கிவிட்டதா என்று சோதனைச் சொட்டு விட்டுப் பாருங்கள். சிறிது மஞ்சள் தெரிந்தாலும் குஞ்சு விடக் கூடாது. எவ்வளவு பக்குவமாகப் பழக்கினாலும் குளோரினுக்கு எந்தக் குஞ்சும் பழகாது.

மூன்றாவதாக, நீர் பச்சை பிடித்திருக்க வேண்டும். நீரில் இறக்கிய வெள்ளைத் தட்டு 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் மறைந்தால் சரியான அளவு. தெளிந்த நீரில் குஞ்சுகளுக்கு இயற்கை உணவும் இல்லை. வெயிலுக்கு மறைவும் இல்லை.

நான்காவதாக, குஞ்சுகளின் தரத்தைப் பாருங்கள். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு பெற்ற பொரிப்பகத்தில் மட்டும் வாங்குங்கள். வெண்புள்ளி நோய்க்கும் இ.எச்.பி. என்ற நுண்ணுயிருக்கும் பி.சி.ஆர். சோதனை செய்த சான்றைக் கேட்டுப் பெறுங்கள். அங்கேயே ஒரு வட்டப் பாத்திரத்தில் சில நூறு குஞ்சுகளை விட்டு, நீரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். நல்ல குஞ்சுகள் சுழலை எதிர்த்து ஓரமாக நீந்தும். நலிந்தவை நடுவில் குவியும்.

தாங்கும் திறனை அறிய மற்றொரு சோதனையும் உண்டு. 100 குஞ்சுகளை எடுத்து உப்பே இல்லாத நன்னீரில் 30 நிமிடம் விட வேண்டும். பிறகு பழைய உவர் நீரில் 30 நிமிடம் விட வேண்டும். 75-க்கு மேல் பிழைத்தால் அந்தக் கூட்டம் தாங்கும் சக்தி உள்ளது. குறைந்தால் அந்தத் தொட்டிக் குஞ்சுகளை வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நலம். சோதனைக்கு எடுத்த குஞ்சுகளை மீண்டும் மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம்.

எந்த நேரத்தில் விடுவது?

விடியற்காலையே ஏற்றது. அதற்குக் காரணம் உண்டு. பகல் முழுவதும் பாசிகள் சூரிய ஒளியில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால், குளத்தின் பி.எச். பிற்பகல் 3, 4 மணிக்கு உச்சத்தில் இருக்கும். இரவில் இறங்கி, விடியலில் மிகக் குறைவாக இருக்கும். ஆகவே பையின் நீருக்கும் குளத்து நீருக்கும் உள்ள வேறுபாடு காலையில்தான் குறைவு. மேல்நீரின் வெப்பமும் அப்போதுதான் குறைவு. ஆனால் பிராணவாயுவும் விடியலில்தான் குறைவாக இருக்கும். எனவே முதல் நாள் இரவு ஏரேட்டர்களை ஓட்டி வைக்க வேண்டும்.

இரவில் பை கட்டி, விடிவதற்குள் பண்ணைக்கு வந்து சேருமாறு ஏற்பாடு செய்யுங்கள். காலை 6 மணிக்குத் தொடங்கினால் 9 மணிக்குள் வேலை முடியும். நண்பகலில் வந்து சேரும் வண்டியை ஏற்காமல் இருப்பதே நல்லது. தவிர்க்க முடியாமல் பகலில் வந்துவிட்டால் பைகளைத் திறக்காமல் நிழலில் வைத்து, மாலை வெயில் தணிந்த பின் தொடங்கலாம். மூடிய பையை வெயிலில் வைத்தால் உள்ளே நீர் விரைவில் சூடேறிவிடும் என்பதை மறவாதீர்கள்.

எவ்வளவு நேரம் பழக்குவது?

ஒரு பையைத் திறந்து வெப்பம், உவர்ப்பு, பி.எச். மூன்றையும் அளந்து எழுதுங்கள். குளத்து நீரையும் அவ்வாறே, மேலே மட்டுமின்றி முழங்கால் ஆழத்திலும் அளந்து எழுதுங்கள். பிறகு கீழ்க்கண்ட வேகத்தை மிஞ்சாமல் மாற்ற வேண்டும்.

வெப்பம்: மணிக்கு 4 டிகிரிக்கு மிகாமல்.
உவர்ப்பு: மணிக்கு 3 பி.பி.டி.க்கு மிகாமல்.
பி.எச்.: மணிக்கு 0.5 அளவுக்கு மிகாமல்.

எடுத்துக்காட்டாக, பையில் 23 டிகிரி, 20 பி.பி.டி., பி.எச். 7.0 என்றும், குளத்தில் 28 டிகிரி, 12 பி.பி.டி., பி.எச். 8.2 என்றும் கொள்வோம். வெப்பத்திற்கு 1 மணி 15 நிமிடம் போதும். பி.எச்.சுக்கு ஏறத்தாழ 2 மணி 25 நிமிடம் வேண்டும். உவர்ப்புக்கு 2 மணி 40 நிமிடம் வேண்டும். மூன்றில் எது அதிக நேரம் கேட்கிறதோ அதுவே உங்கள் கணக்கு. இங்கே 2 மணி 40 நிமிடம்.

கரையில் தொட்டி வைத்துப் பழக்கும் முறை

ஒரு லட்சம் குஞ்சுகளுக்கு 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று தேவை. அதைக் குளக்கரையில் ஓலைப் பந்தலின் கீழ் வையுங்கள். காற்றுக் குழாய்கள் நான்கு அல்லது ஐந்து இடங்களில் மெல்லக் குமிழி விடட்டும். மின்சாரம் நின்றாலும் ஓடும்படி பேட்டரியில் இயங்கும் காற்று இயந்திரம் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

பைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டியினுள் சாய்த்து ஊற்றுங்கள். உயரத்திலிருந்து கொட்ட வேண்டாம். எந்தப் பையிலாவது குஞ்சுகள் அதிகமாக இறந்திருந்தால் அதைத் தனியே வைத்து, உடன் வந்தவருக்குக் காட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பைகளின் நீர் மொத்தம் 100 லிட்டர் எனக் கொள்வோம். இதில் 100 லிட்டர் குளத்து நீர் சேர்த்தால் 20 பி.பி.டி. 16 ஆகும். மேலும் 200 லிட்டர் சேர்த்தால் 14 ஆகும். இன்னும் 400 லிட்டர் சேர்த்தால் 13 ஆகும். ஒவ்வொரு முறையும் தொட்டி நீர் இரட்டிப்பாகும்போது வேறுபாடு பாதியாகிறது.

இதிலிருந்து ஒன்றை நன்கு கவனிக்க வேண்டும். முதல் 100 லிட்டரே 4 பி.பி.டி. மாற்றத்தை உண்டாக்குகிறது, கடைசி 400 லிட்டர் 1 பி.பி.டி. மட்டுமே மாற்றுகிறது. ஆனால் பண்ணைகளில் தொடக்கத்தில் வாளி வாளியாக ஊற்றிவிட்டு, கடைசியில்தான் பயந்து பயந்து ஊற்றுகிறார்கள். இது தலைகீழான முறை. முதல் 100 லிட்டரை 80 நிமிடத்தில், அதாவது நிமிடத்திற்கு ஒன்றேகால் லிட்டர் வீதம், மெல்லிய குழாய் வழியே விடுங்கள். அடுத்த 200 லிட்டரை 40 நிமிடத்திலும், கடைசி 400 லிட்டரை 20 நிமிடத்திலும் விடலாம். மீதியுள்ள 20 நிமிடத்தில் இன்னும் 100 லிட்டர் சேர்த்து, விடுவதற்கு ஆயத்தம் செய்யலாம்.

அரை மணிக்கு ஒரு முறை மூன்றையும் அளந்து பாருங்கள். பி.எச். கணக்கைவிட வேகமாக ஏறினால் நீர் சேர்ப்பதைச் சற்று நிறுத்துங்கள். பழக்குதல் இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீடித்தால், பொரித்த ஆர்டீமியாவைச் சிறிதளவு தொட்டியில் விடுங்கள். பசித்த குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கும்.

தொட்டி வசதி இல்லாதோர் பைகளையே குளத்தில் மிதக்க விட்டுப் பழக்கலாம். வெப்ப வேறுபாடு 3 அல்லது 4 டிகிரிக்குள் இருந்தால், மூடிய பைகளை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் மிதக்க விடுங்கள். அதிகமாக இருந்தால் பந்தல் நிழலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு மிதக்க விடுங்கள். அதன்பின் பையைத் திறந்து, வாயை மடித்துக் கட்டி, 10 நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு சிறு குவளை குளத்து நீரைச் சேர்த்து வாருங்கள். இந்த முறையில் பை சாயாமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் தேவை. திறந்த பையில் காற்றுக் குழாய் இல்லை. ஆதலால் உவர்ப்பு வேறுபாடு 3 பி.பி.டி.க்கு மேல் இருந்தால் இது ஏற்றதன்று.

குஞ்சுகள் காட்டும் அறிகுறிகள்

கருவிகள் காட்டுவதோடு குஞ்சுகளையும் பாருங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் தொட்டி நீரை மொண்டு, வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தால் தெரியும். உடல் கண்ணாடி போலத் தெளிவாகவும், குடலில் உணவு கறுத்த கோடாகவும் தெரிந்து, குஞ்சுகள் நேராக நீந்தினால் நலம்.

வாலருகே தசை பால் போல் வெளுத்தல், உடல் வளைந்து நிமிராதிருத்தல், நீரின் மேல் வட்டமிட்டுச் சுற்றுதல், அடியில் குவிந்து கிடத்தல் ஆகியவை துன்பத்தின் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் நீர் சேர்ப்பதை உடனே நிறுத்துங்கள். காற்றைக் கூட்டுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள். வெளுப்பு மறைந்து, குஞ்சுகள் எழுந்து நீந்தத் தொடங்கிய பின் முன்னைவிடப் பாதி வேகத்தில் தொடருங்கள்.

குளத்தில் விடுதல்

காற்று வரும் பக்கத்துக் கரையில் விடுவது நல்லது. நீரோட்டம் குஞ்சுகளைக் குளமெங்கும் பரப்பும். ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று அல்லது நான்கு இடங்களில் பிரித்து விடுங்கள். அகன்ற குழாய் வைத்துத் தொட்டி நீரோடு மெல்ல இறக்கலாம். குழாயின் முனை நீருக்குள் இருக்கட்டும். சேற்றைக் கலக்கிக்கொண்டு குளத்தில் இறங்கி நிற்க வேண்டாம். ஏரேட்டருக்கு அருகில் விட வேண்டாம். ஒரு குளத்தில் பயன்படுத்திய வாளியையும் வலையையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கிக் கழுவிய பிறகே அடுத்த குளத்திற்குக் கொண்டு செல்லுங்கள்.

எத்தனை பிழைத்தன என்று அறியுங்கள்

முன்னர்க் கூறிய கண்ணுக்குத் தெரியாத இழப்பைக் கண்ணுக்குக் காட்டும் வழி ஒன்று உண்டு. அதுதான் ஹாப்பா எனப்படும் வலைக்கூண்டு. ஒரு மீட்டர் நீள அகலமுள்ள, குஞ்சு வெளியேறாத நுண்ணிய வலையைக் குளத்தில் கம்பு நட்டுக் கட்டுங்கள். அதில், பழக்கிய குஞ்சுகளில் 100-ஐ எண்ணி விடுங்கள். இத்தகைய கூண்டுகள் இரண்டு அல்லது மூன்று இருந்தால் கணக்கு நம்பகமாக இருக்கும். சிறிது தீவனம் இட்டு வந்து, 48 மணி நேரம் கழித்து எண்ணுங்கள்.

90-க்கு மேல் இருந்தால் மகிழ்ச்சி. 70 இருந்தால், லட்சம் விட்ட குளத்தில் 70 ஆயிரம் உள்ளன என்று கொண்டு அதற்கேற்பத் தீவனத்தைக் குறையுங்கள். 60-க்கும் கீழே இறங்கினால் பொரிப்பகத்தாரிடம் உடனே பேசி, மேலும் குஞ்சு விடுவதா என்பதைச் சில நாட்களுக்குள் முடிவு செய்யுங்கள். நாட்கள் தள்ளிப்போனால் முன்னே விட்டவை பெரிதாகி, பின்னே விட்டவற்றைத் தின்னும். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று தெரிந்தவர் தீவனத்தைக் குறைத்துக் குளத்தைக் காப்பாற்றுவார். தெரியாதவர் இல்லாத இறாலுக்குத் தீவனம் இட்டுக் கடன்படுவார்.

உவர்ப்பு மிகக் குறைந்த நீரில்

ஆழ்குழாய்க் கிணற்று நீர் போன்ற, 5 பி.பி.டி.க்கும் குறைந்த உவர்ப்புள்ள நீரில் வளர்ப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பொரிப்பகத்திலேயே 10 பி.பி.டி. அல்லது அதற்கும் கீழே இறக்கித் தரும்படி கேளுங்கள். கரையில் மணிக்கு 1 பி.பி.டி. வீதமே குறையுங்கள். ஒரு பகல் முழுவதும் ஆனாலும் தவறில்லை.

உவர்ப்பு மட்டும் சரியாக இருந்தால் போதாது. கடல் நீரில் சோடியத்தில் 28-இல் ஒரு பங்கு பொட்டாசியம் உண்டு. மக்னீசியம் சுண்ணாம்புச் சத்தைப் போல் மூன்று மடங்கு உண்டு. கிணற்று நீரில் பொட்டாசியம் பெரும்பாலும் மிகக் குறைவு. அத்தகைய நீரில், பழக்கி விட்ட குஞ்சுகளும் இரண்டொரு நாளில் இறக்கும். ஆகவே குளம் நிரப்புமுன் நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வாங்கும் முன் 50 குஞ்சுகளை மட்டும் கொண்டுவந்து, பழக்கி, அந்த நீரில் இரண்டு நாள் வைத்துப் பார்ப்பது சிறந்த சோதனை.

வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கும் இதுவே முறை

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து வண்ணமீன் வளர்ப்போரும் இதே அடிப்படையைக் கையாளலாம். கோமாளி மீன் போன்ற மீன்கள் தம் உடலின் உப்பைத் தாமே சீர்செய்துகொள்ளும். இறால், நட்சத்திர மீன், கடல் சாமந்தி போன்றவற்றுக்கு மாற்றம் இன்னும் மெதுவாக இருக்க வேண்டும். பை நீரோடு உயிரை ஒரு வாளியில் விட்டு, தொட்டி நீரை முடிச்சிட்ட மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். குளத்திற்கும் வீட்டுத் தொட்டிக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. சிறு தொட்டியில் பை நீரை ஊற்றக் கூடாது. மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். புதிய மீனைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்து நோயில்லை என்று கண்ட பின்னரே பழைய மீன்களோடு சேர்க்க வேண்டும். பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. கடலிலிருந்து எடுத்து வளர்க்கக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. நான்கு நாட்களுக்கு முன்பே குளத்தின் உவர்ப்பைப் பொரிப்பகத்திற்குச் சொல்லுங்கள்.
2. குளத்தில் குளோரின் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.
3. விடியற்காலையில், நிழலில் பழக்குங்கள்.
4. வெப்பம், உவர்ப்பு, பி.எச். மூன்றையும் அளந்து, அதிக நேரம் கேட்பதற்கு இடம் கொடுங்கள்.
5. தொடக்கத்தில் மிக மெதுவாகவும், பின்னர்ச் சற்று வேகமாகவும் நீர் சேருங்கள்.
6. திறந்த பையைக் காத்திருக்க விடாதீர்கள்.
7. வலைக்கூண்டில் 100 குஞ்சுகளை விட்டு 48 மணி நேரத்தில் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்கே தீவனம் இடுங்கள்.

நான்கு மாத உழைப்பையும் முதலீட்டையும் தாங்கி நிற்பது அந்த முதல் மூன்று மணி நேரம். வண்டிக்காரருக்கு அவசரம் இருக்கலாம். உங்களுக்கு அவசரம் வேண்டாம். அடுத்த பட்டத்தில் குஞ்சு இறக்கும் நாளில் கரையில் ஒரு தொட்டியும், கையில் ஒரு ரிஃப்ராக்டோமீட்டரும், குளத்தில் ஒரு வலைக்கூண்டும் வைத்துப் பாருங்கள். பலன் அறுவடையில் தெரியும்.